பத்தொன்பதாவது விநாடியிலிருந்து

இல்லை, மேலே வைக்க மாட்டேன். கண்டக்டர் சொன்னார், பின்சீட்டுக்காரர் சொன்னார், இப்போது நீங்களும் சொல்கிறீர்கள். மடியிலேயே இருக்கட்டும். கனம்தான். சமயநல்லூர் வருவதற்குள்ளேயே தொடை மரத்துவிட்டது. ஆனால் மேலே வைத்தால் ஆடும், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். திண்டுக்கல் வரைக்கும் இப்படியே வந்துவிடுவேன். நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? சின்னாளபட்டியா? அப்படியானால் எனக்கு முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். நான் எழுந்து வழி விட வேண்டும். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள், இதைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க நேரமாகும்.

மிக்ஸி இல்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே, அது இல்லை. அது வீட்டில் இருக்கிறது. இது அதன் பெட்டி. எல்லாம் இதற்குள்ளேதான் இருக்கும். இருந்தது.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா? உண்டு, ஆனால் மெதுவாக ஓடுகிறது, அதானே? யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். அதற்கெல்லாம் குறிப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். இன்னாசி என்று பெயர். மின்சார ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இரண்டு வருஷம் எழுதினார். வீட்டுக் கணினிக்கு வாரம் ஒரு குறிப்பு. ஈரத்துணியால் திரையைத் துடைக்காதீர்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மூச்சு விட ஒரு சாண் இடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி அணையுங்கள், தூங்குகிற ஆளைத் தலையில் அடித்துத் தூங்க வைப்போமா? இப்படி. இந்தக் கடைசிக் குறிப்பு எனக்காகவே எழுதியது. நான் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டி அணைக்கிறவள். ஒரு மிஷினுக்கு என்ன அத்தனை மரியாதை என்பேன்.

வாசகர்கள் கார்டு போடுவார்கள். ஐயா, உங்கள் குறிப்பால் என் கம்ப்யூட்டர் பிழைத்தது என்று நத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதை எனக்குப் படித்துக் காட்ட இவர் வந்தார். எனக்கு எங்கே நேரம்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பத்திரிகையை அந்தப் பக்கம் விரித்து என் முன்னால் வைப்பார். அதன் மேலேயே நான் வெங்காயம் உரித்திருக்கிறேன். ஒன்றும் சொல்ல மாட்டார். தோலை ஒதுக்கிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய், அவர் பகுதியை வெட்டி ஃபைலில் ஒட்டி வைப்பார்.

அவருடைய எழுத்திலும் ஒரு குறை உண்டு. முன்னுரை. எதைச் சொல்ல வந்தாலும் ஒரு பத்தி முன்னுரை. பேச்சும் அப்படியே. தலைவலி மாத்திரை வேண்டுமென்றால், "செலின், இன்னிக்குக் காலையில எந்திரிக்கும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். அவர் மாத்திரைக்கு வந்து சேர்வதற்குள் நான் மாத்திரையும் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். அதைத் தப்பு என்று சொல்வீர்களா? நான் கான்வென்ட்டில் படித்தவள். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, சத்தமாக, தெளிவாகச் சொல்லு என்று சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பேச்சுப் போட்டியில் மூன்று வருஷம் நான்தான் முதல் பரிசு. ஆடிட்டோரியத்தின் கடைசி பெஞ்ச் வரை என் குரல் கேட்கும், மைக்கே வேண்டாம் என்பார்கள்.

ஏதோ சொல்ல வந்தீர்கள், இருங்கள், முடித்துவிடுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. பீடி சிகரெட் எதுவும் கிடையாது, வெற்றிலை கூட அந்தோணியார் திருவிழாவுக்குத்தான். மதுரையில்தான் காட்டினோம். அந்த டாக்டர் பரீட்சை பேப்பர் திருத்துவது மாதிரி கேள்வியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று கேட்டார். இவர் சிரித்தார். வாய்விட்டு "இல்லை" என்று சொல்லவில்லை பாருங்கள், சிரித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன். "இருபத்தெட்டு வருஷம் எங்கூட இருந்தீங்களே, ஒரு நாளாவது நிம்மதியா இருந்திருக்கீங்களா? இப்பவே சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செலின், அது வந்து..." என்றார். அந்த நேரம் பார்த்து மழை பொட்டுப் பொட்டென்று விழுந்தது. மொட்டை மாடியில் வருஷத்து மிளகாய் காய்கிறது. ஓடினேன். அள்ளிக்கொண்டு இறங்கி வரும்போது முழுக்க நனைந்திருந்தேன். அப்புறம் அந்த மிளகாயைப் பற்றித்தான் பேச்சு. ஈரத்தோடு எங்கே பரப்புவது, கூடத்தில் ஃபேனைப் போடலாமா, நெடி ஏறுமே, உங்கள் தொண்டைக்கு ஆகாதே என்று. கேட்ட கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நானும் திரும்பக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன்.

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்று, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். வெளியே வந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "செலின், அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு..." என்று ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அரை மணி, முக்கால் மணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பேசுவார். மைக் ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் என்ன நினைத்தேன், குறிப்பு எழுதுவதற்கு முன் வாசித்துப் பார்க்கிறார் என்று. எழுதுகிற ஆட்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டாமே. ஒரு நாள் கூடப் பக்கத்தில் போய் நின்று கேட்கவில்லை. வேலையாகப் போயிருக்கிறேன், கூப்பிடப் போயிருக்கிறேன். கேட்கப் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் இருந்தார். பேச்சுக்குப் பதில் நோட்டு. கோடு போட்ட நீள நோட்டு. அதில் எழுதிக் காட்டுவார், நான் வாயால் பதில் சொல்வேன். அங்கேயும் அந்த முன்னுரைதான்! பாதி வரி எழுதும்போதே எனக்குப் புரிந்துவிடும், புரிஞ்சது புரிஞ்சது என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சில நேரம் தலையாட்டுவார். சில நேரம் மீதி வரியையும் எழுதி முடித்து, அவரே ஒரு தடவை படித்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில்தான் நான் ஸ்பீக்கரைக் கழற்றினேன். கூடத்தில் இருப்பது ஒரே பிளக் போர்டு. சமையலறைப் பிளக் எரிந்துபோயிற்று, மிக்ஸிக்கு இடம் இல்லை. வாய் பேச முடியாத ஆளுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று பிடுங்கிப் பரண் மேல் போட்டேன். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நோட்டை எடுத்தார், ஏதோ எழுதப் போனார், மூடி வைத்துவிட்டார்.

போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

ஐயோ, நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? இன்னும் விஷயத்துக்கே வரவில்லை. முன்னுரைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரோடு இருந்து இருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது போல.

இந்த மே மாதம் பங்குச் சாமியார் வந்தார். கோயிலில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கிறது, கணக்கு வழக்கு, டிசைன் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். நம் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் ஒரு பாத்திரத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதென்றால் கழுவித்தானே கொடுப்போம்? பற்றுப் பாத்திரத்தை யாராவது கொடுப்பார்களா? அதுவும் கோயிலுக்கு. திறந்து பார்த்தால் மிஷின் ஆமையாக நகர்கிறது. இன்னாசி வீட்டுக் கம்ப்யூட்டர் இந்த லட்சணமா, ஊருக்கு எழுதினாரே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் ஃபைலை எடுத்தேன். முதன்முதலாக உட்கார்ந்து படித்தேன். சிரிக்காதீர்கள், எனக்கே அவர் எழுத்து பிடித்துவிட்டது. இத்தனை நன்றாக எழுதுகிற மனுஷன் பேசும்போது மட்டும் ஏன் இப்படி இழுத்தார் என்றிருந்தது.

அவர் சொன்னபடியே செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வரி மாறாமல். பதினேழாவது குறிப்பு: உங்கள் கணினி மூச்சுத் திணறுகிறதா? கோப்புகளை அளவு வாரியாக அடுக்குங்கள். இடத்தை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் யாரும் திறக்காமல் கிடப்பவை மேலே வந்து நிற்கும். பார்த்து, தேவையில்லை என்றால் அழியுங்கள். அடுக்கினேன். வந்து நின்றன. ஒவ்வொன்றும் யானை மாதிரி, கடைசியில் ஒரு குட்டி மட்டும். நாற்பத்தொன்று. பெயர் கூடக் கிடையாது; ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் நம்பர். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல யோசித்து வையுங்கள் என்று ஊருக்கு எழுதினவர் வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள்!

பார்த்து அழியுங்கள் என்றுதானே எழுதியிருந்தார்? பார்த்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள் இல்லை. ஒன்றாம் நம்பரைத் திறந்தேன். ஒரு சின்ன ஜன்னல் வந்தது, அதில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. சத்தம் இல்லை. ஏழாம் நம்பரைத் திறந்தேன். அதுவும் அப்படியே. காலி என்று நினைத்தேன். மிக்ஸி பிளக் என் முழங்கால் பக்கத்திலேயேதான் இருக்கிறது. பரண் என் தலைக்கு மேலேதான் இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. காலி. எதுவுமே இல்லாததை இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று அவரைத் திட்டிக்கொண்டே நாற்பத்தொன்றையும் அழித்தேன்.

பதினெட்டாவது குறிப்பு: குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். செய்தேன். பத்தொன்பதாவது: காலியான இடங்களை ஒழுங்குபடுத்துங்கள், டீஃப்ராக் என்று ஒரு வசதி இருக்கிறது, அலமாரியில் துணியை மறுபடி மடித்து அடுக்குவது போல. செய்தேன். நாலு மணி நேரம் ஓடியது. கட்டம் கட்டமாக நிறம் மாறுவதைப் பார்க்க அழகாகக் கூட இருந்தது. அப்புறம் உறை போட்டு மூடி வைத்தேன். சாமியார் ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இந்தப் பெட்டியும் போயிருக்கும்.

ஜூன் கடைசியில், வருஷ நினைவுப் பூசை வருகிறதே, அவர் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். சட்டைக்கு அடியில் நோட்டுகள். ஐந்து நோட்டு. அவர் எழுதினது மட்டும்தான் இருக்கிறது, நான் பேசினது ஒன்றும் இல்லை. என் பேச்சு இல்லாமல் எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. அத்தனை அமைதியாக இருந்தது, என்னமோ வேறு யாரோ வீடு போல. மூன்றாவது நோட்டில் ஒரு பக்கம். அப்படியே மனப்பாடம் ஆகிவிட்டது, கேளுங்கள்.

"செலின், ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் டி டிரைவில் 41 இருக்கிறது. என் குரல்தான். ஆபரேஷனுக்கு முன்னால் தினம் ஒன்று பேசி வைத்தேன். எல்லாம் உனக்குத்தான். உனக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது கேள். அவசரமில்லை."

அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா?

"சரி, கஞ்சி போதும்."

அப்படியென்றால் நடுவில் நான் என்ன சொல்லியிருப்பேன்? கஞ்சி ஆறுகிறது, முதலில் குடியுங்கள் என்றிருப்பேன். நோட்டைப் படித்தேனா, பாதியில் திருப்பிக் கொடுத்தேனா, எனக்கு நினைவே இல்லை.

பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன். அவள் பேர் அனிதா. ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டாள். அப்புறம், "அப்பாவை நீ எப்பம்மா பேச விட்ட?" என்றாள். வைத்துவிட்டேன். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா அது? அவள் ஏதோ மேலே சொல்ல வந்தாள், நான் வைத்துவிட்டேன்.

வாடிப்பட்டி போய்விட்டதா? கவனிக்கவே இல்லை.

மதுரையில் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடியில் ஷகிலா என்று ஒரு அம்மா இருக்கிறார்கள். அழிந்துபோனதை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. என் வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். இதைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு தகட்டுப் பெட்டியை எடுத்தார்கள். என்னென்ன செய்தேன் என்று கேட்டார்கள். சொன்னேன். அழித்தது, தொட்டியைக் காலி செய்தது. தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். டீஃப்ராக் என்றதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"யாரும்மா உங்களுக்கு அதைச் செய்யச் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அழிச்சதோட விட்டிருந்தீங்கன்னா நாப்பத்தொண்ணையும் எடுத்திருப்பேம்மா. அழிச்சாலும் அது அங்கேயேதான் இருக்கும், பேரு மட்டும்தான் போகும். நீங்க அது மேலயே வேற சாமானை எல்லாம் கொண்டுவந்து அடுக்கிட்டீங்க."

அந்தக் குறிப்பு ஃபைல் என் பையில்தான் இருந்தது. அதை வாங்கி ஷகிலா பதினேழாவதைப் படித்தார்கள். முதல் பத்தியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்கள். சுத்தம் செய்யத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அழித்த பின் அழுது பயனில்லை என்று எழுதியிருக்கிறார். நான் அதைப் படிக்கவில்லை. அது முன்னுரை. அவர் முன்னுரையை நான் எப்போதும் படிப்பதில்லை.

ஒரு வாரம் கழித்து இன்றைக்கு வரச் சொன்னார்கள். நாற்பத்தொன்றில் ஒன்றே ஒன்று வந்திருக்கிறது. அது ஏன் தப்பித்தது தெரியுமா? மற்றதெல்லாம் அரை மணி நேரம் ஓடுகிறவை, இது நாற்பது விநாடி. சின்னது. ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது, அதன் மேல் எதுவும் ஏறவில்லை.

காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார்கள். முதலில் ஃபேன் சத்தம். எங்கள் கூடத்து ஃபேன், டக் டக் என்று அடிக்கும், எனக்குத் தெரியாதா? நாற்காலியை இழுக்கிற சத்தம். அப்புறம் அவர். ஏறக்குறைய இருபது மாதம் கழித்து.

"செலின், இது முப்பத்தெட்டு. இன்னிக்கு வியாழக்கிழமை. தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருக்கு, பொறுத்துக்க. நீ அன்னிக்கு ஒண்ணு கேட்ட. மிளகா அள்ள மாடிக்கு ஓடுனியே, அன்னிக்கு. நிம்மதியா இருந்தீங்களான்னு. நான் பதிலே சொல்லல. இப்பச் சொல்றேன். அதாவது..."

அவ்வளவுதான். பத்தொன்பதாவது விநாடியிலிருந்து நான்.

"யாரு கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க? அரை மணி நேரமா கத்துறேன், காதுல விழுதா? கேஸ் சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறாரு, கையெழுத்துப் போட ஆளில்ல. அடுப்புல குழம்பு. நான் ஒருத்தி எத்தனையத்தான் பாக்குறது? அப்படி என்ன பேச்சு அந்தப் பெட்டிகிட்ட?"

கடைசி பெஞ்ச் வரை கேட்கிற குரல். சுருக்கமாக, சத்தமாக, தெளிவாக. ஆனால் அவர் நிறுத்தவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்போதும் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்திவிடுகிறவர், அன்றைக்கு நிறுத்தவில்லை. என் குரலுக்கு அடியில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். முணுமுணுப்பு கேட்கிறது. சொல் பிடிபடவில்லை. முப்பத்து மூன்றாவது விநாடியில் முடித்துவிட்டு, "வர்றேன், இந்தா வர்றேன்" என்கிறார். நாற்காலிச் சத்தம். முடிந்தது.

பதினோரு தடவை கேட்டேன். ஷகிலாவிடம் சொன்னேன், என் குரலை அழித்துவிடுங்கள், அவருடையது மட்டும் இருக்கட்டும் என்று. சத்தத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மாவுல உப்பைப் போட்டுக் கரைச்சாச்சும்மா. இனிமே உப்பை மட்டும் தனியா எடுக்க முடியாது" என்றார்கள். நல்ல மனுஷி. அந்த ஒன்றை மட்டும் திரும்ப இந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுத் தந்தார்கள். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆறிப்போகும் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். நான் குறுக்கே போனதால்தானே அது நாற்பது விநாடியில் நின்றது? நின்றதால்தானே சின்னதாக இருந்தது? சின்னதாக இருந்ததால்தானே தப்பித்தது? அப்படிப் பார்த்தால் நான்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறேன். சரிதானே? தலையை ஆட்டுங்கள், போதும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து ஸ்பீக்கரை இறக்க வேண்டும். மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருக வேண்டும். ஹெட்போனில் கேட்காதது அதில் கேட்குமோ என்னவோ. கூடத்து ஃபேனையும் அணைத்துவிடுவேன். தெருக்கதவைச் சாத்திவிடுவேன்.

பத்தொன்பதிலிருந்து முப்பத்து மூன்று. பதினாலு விநாடி. ஷகிலா இந்தச் சீட்டில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு விநாடி. அவருக்கு வேண்டுமானால் இரண்டு விநாடி. பதினாலு விநாடி ஒரு மனுஷன் என்ன சொல்லியிருப்பார்? ஆமாம் என்று சொல்வதற்கு முன்னுரை வைத்திருப்பாரோ? "இல்லை" என்று சொன்னால் என் மனசு நோகுமே என்றுதான் முன்னுரை வைத்திருப்பாரோ? இருபத்தெட்டு வருஷம் அவர் வாயைத் திறக்கும்போதே என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பதினாலு விநாடி மட்டும் தெரியவில்லை.

நீங்கள் வெளி ஆள். ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். சமயநல்லூரிலிருந்து ஏதோ சொல்ல வருவதும் வாயை மூடுவதுமாக இருக்கிறீர்கள். சொல்லுங்கள், என்ன சொல்லியிருப்பார்? நான் குறுக்கே பேச மாட்டேன். சத்தியமாக.

வேண்டாம். சொல்லாதீர்கள். சின்னாளபட்டி வந்துவிட்டது. இருங்கள், இதைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறேன். பார்த்து இறங்குங்கள்.